கழுநீரிலிருந்து குடிநீர் வரை

பெங்களூரு நீலசந்திராவில் ஒரு வீட்டில் அரிசி களைந்து கொட்டும் கழுநீரின் பயணம் அந்தத் தெருவோடு முடிவதில்லை. பாதாளச் சாக்கடை வழியாக அது கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. அங்குள்ள நிலையங்களில் சுத்திகரிக்கப்படும் நீரோடு கலந்து, ராட்சதக் குழாய்களில் ஏற்றப்பட்டு, கிழக்கே கோலார் மாவட்டத்து ஏரிகளைச் சென்றடைகிறது. ஏரியில் தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை வெடிப்புகளில் ஊறி, ஆழ்துளைக் கிணறுகளில் மறுபடி மேலே வருகிறது. கடைசியில் ஏதோ ஒரு கிராமத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில், ஐந்து ரூபாய்க் காசு போட்டால் இருபது லிட்டர் கேனில் விழுகிற குடிநீரில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆறு இல்லாத ஒரு மாவட்டத்துக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது எவ்வளவு சுற்றி வளைத்துச் செய்ய வேண்டிய வேலை என்பதற்கு இந்தப் பாதையே சாட்சி.

ஆறில்லாத ஊர், ஏரி நிறைந்த ஊர்

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பாலாறும் தென்பெண்ணையும் நந்தி மலைப் பக்கம்தான் பிறக்கின்றன. ஆனால் பிறந்த இடத்தில் அவை பெரும்பாலும் மணல் கோடுகளாகவே கிடக்கின்றன. மழையும் தாராளம் இல்லை; ஆண்டுக்கு ஏறத்தாழ 700 முதல் 750 மில்லிமீட்டர், அதுவும் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும்.

இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் கண்ட வழி ஏரி. மேட்டில் ஒரு ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு என்று சங்கிலி போலக் கோத்து, ஓடிப் போகும் மழைநீரைப் படிப்படியாக நிறுத்தினார்கள். தொண்டை மண்டலத்து ஏரிகளுக்கும் கோலார் ஏரிகளுக்கும் அமைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏரியின் முதல் வேலை பாசனம் என்றாலும், அதைச் சுற்றியிருந்த கிணறுகளில் ஊற்று வற்றாமல் காத்ததும் ஏரிதான். குடிதண்ணீர் கிடைத்தது அந்தக் கிணறுகளில்.

ஊர்ப் பெயர்களே இதைச் சொல்கின்றன. பொம்மசந்திரா, சிங்கசந்திரா, தணிசந்திரா என்று பெங்களூரைச் சுற்றிலும் ‘சந்திரா’வில் முடியும் பெயர்கள் ஏராளம். இந்தச் ‘சந்திரா’ நிலவைக் குறிப்பதன்று. பெரிய நீர்நிலையைக் குறிக்கும் ‘சமுத்திரம்’ என்ற சொல்லே பேச்சில் தேய்ந்து ‘சந்திரா’ ஆயிற்று என்பது ஊர்ப்பெயர் ஆய்வாளர்களின் கருத்து. இன்று ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் இடையே வீடுகள் நெருக்கியடித்து நிற்கும், தமிழர்கள் நிறைய வாழும் நீலசந்திராவும் அந்த வரிசையில்தான் சேர்கிறது.

கோலார் மாவட்டத்தில் குடிநீருக்காகப் பெரிய அளவில் ஏரியை நம்பிய நவீன ஊர் தங்கவயல். தமிழ்நாட்டிலிருந்து போன பல்லாயிரம் தொழிலாளர்கள் நிலத்துக்கடியில் உழைத்த அந்தச் சுரங்க நகரத்துக்கு, பாலாற்றில் அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீரேற்றிக் குடிநீர் கொடுக்கும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. தங்கம் விளைந்த இடத்துக்குக் குழாய் உடனே வந்தது. சுற்றியிருந்த கிராமங்கள் இன்னும் பல பத்தாண்டுகள் கிணற்றடியிலேயே நின்றன.

கிணறு ஆழமானபோது

திறந்த கிணறும் படிக்கட்டு வைத்த குளமும் அழகானவை என்றாலும் பாதுகாப்பானவை அல்ல. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் அவற்றின் வழியே பரவின. காலை நனைத்துப் படியில் இறங்கித் தண்ணீர் மொண்ட ஊர்களில் நரம்புச் சிலந்தி நோய் வந்தது. தோலைத் துளைத்துக்கொண்டு நீளமான புழு வெளிவரும் அந்த நோய், படிக்கிணறுகளை மூடியும் மாற்றியும், தண்ணீரை வடிகட்டிக் குடிக்கப் பழக்கியும் ஒழிக்கப்பட்டது. இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2000இல் சான்றளித்தது.

அதற்கு உதவிய பெரிய மாற்றம் ஆழ்துளைக் கிணறு. 1966–67இன் கடும் வறட்சிக்குப் பிறகு, கெட்டிப் பாறையைத் துளைக்கும் நவீன இயந்திரங்களை யுனிசெஃப் உதவியுடன் அரசு கொண்டுவந்தது. துளையிட்டால் போதாது, தண்ணீரை மேலே கொண்டுவர உறுதியான கைப்பம்பும் வேண்டும். முதலில் வந்த வார்ப்பிரும்புப் பம்புகள் சில மாதங்களிலேயே உடைந்தன. 1970களின் பிற்பகுதியில் உருவான ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பு அந்தக் குறையைத் தீர்த்தது. அதைக் களத்தில் சோதித்த இடம் கோயம்புத்தூர் வட்டாரம். முதலில் பெருமளவில் தயாரித்தது சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலை. பின்னர் அந்தப் பம்பு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போயிற்று. துளை போடும் தொழிலில் திருச்செங்கோடு இந்தியா முழுதும் பெயரெடுத்தது. அந்த ஊர்ப் பெயர் எழுதிய ரிக் லாரிகள் நிற்காத மாநிலம் அரிது.

மூடிய குழாயின் வழியே ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் கிருமி குறைவு. அந்த வகையில் ஆழ்துளைக் கிணறு ஏராளமான உயிர்களைக் காத்தது. ஆனால் அதே துளையில் மோட்டார் இறங்கியதும் கதை திரும்பியது. கோலாரில் மல்பெரி, தக்காளி, காய்கறி எல்லாம் நிலத்தடி நீரை நம்பியே விளைகின்றன. ஏரிகள் தூர்ந்து, வரத்துக் கால்வாய்கள் மறைந்து, ஊறுவது குறைந்த அதே காலத்தில் இறைப்பது பல மடங்காயிற்று.

இந்தப் பகுதியின் நிலவியல் இதற்குத் தோதாக இல்லை. மேலே சில பத்து அடி ஆழத்துக்கு உளுத்த பாறையும் மண்ணும். அது பஞ்சு போல நீரைப் பிடித்து வைக்கும். அதற்குக் கீழே கெட்டியான கருங்கல். அதில் தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும்தான். பஞ்சு வறண்டதும் திறந்த கிணறுகள் காய்ந்தன. பிறகு 200 அடி, 500 அடி என்று வெடிப்புகளைத் தேடிப் போன துளைகள் இன்று பல ஊர்களில் 1,000 அடியையும் தாண்டிவிட்டன. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் வகைப்பாட்டில் கோலார், ஊறுவதைவிட அதிகமாக இறைக்கப்படும் ‘மிகைச் சுரண்டல்’ பகுதி.

பாறை கரைத்துத் தரும் நஞ்சு

ஆழத்துத் தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். வாசனை இல்லை, நிறம் இல்லை. கெடுதி அதில் கரைந்திருக்கிறது. கருங்கல்லில் உள்ள சில கனிமங்களில் ஃப்ளோரைடு அடங்கியிருக்கிறது. தண்ணீர் பாறையோடு எவ்வளவு நீண்ட காலம் ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவு ஃப்ளோரைடு கரைகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாகவும் பைகார்பனேட் அதிகமாகவும் இருந்தால் இந்தக் கரைதல் இன்னும் கூடும். ஆழத்தில் பல காலம் தேங்கிய பழைய நீருக்குப் பெரும்பாலும் இந்தக் குணங்கள் உண்டு.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடை ஏற்கத்தக்க அளவாக வைக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் தெரிவது பல்லில். நிலைத்த பற்கள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளின் பல்லில் சுண்ணாம்பு தடவியது போன்ற வெண்திட்டுகள் வரும், போகப்போகப் பழுப்பேறும். தேய்த்தால் போகாது. அளவு இன்னும் கூடினால் எலும்பிலும் மூட்டிலும் ஃப்ளோரைடு படிந்து முதுகும் முழங்காலும் மடங்க மறுக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்ட எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. தண்ணீரை முன்கூட்டியே மாற்றுவதுதான் தடுப்பு.

தென்னிந்தியாவுக்கு இது புதிய செய்தி அல்ல. இந்தியாவில் குடிநீரால் வரும் ஃப்ளோரோசிஸ் நோயைப் பற்றிய முதல் விரிவான மருத்துவ ஆய்வு 1937இல் வெளிவந்தது. ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் அதைக் கண்டறிந்தார்கள். பிற்காலத்தில் கோலார், சிக்கபள்ளாப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, அனந்தபூர் என்று ஒரே கருங்கல் மேட்டு நிலத்தில் அடுத்தடுத்துள்ள மாவட்டங்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

ஃப்ளோரைடோடு உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டும் சேர்கிறது. அதற்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரம்பு. கிழக்குக் கர்நாடகத்தின் சில கிராமங்களில் ஆழ்துளை நீரில் யுரேனியமும் கண்டறியப்பட்டிருக்கிறது.

இங்கே பொதுவான ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டும். கொதிக்க வைத்தால் எந்தத் தண்ணீரும் சுத்தமாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கொதி கிருமியைக் கொல்லும். ஃப்ளோரைடை ஒன்றும் செய்யாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய தண்ணீரில் ஃப்ளோரைடின் செறிவு கூடவே செய்யும். வீட்டில் வைக்கும் சாதாரண கேண்டில் வடிகட்டியாலும் அதைப் பிடிக்க முடியாது.

ஐந்து ரூபாய்க் காசு

ஃப்ளோரைடை நீக்கப் பேர்பெற்ற இந்திய வழி ‘நல்கொண்டா முறை’. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் உருவாக்கியது. ஃப்ளோரைடுக்குப் பேர்போன நல்கொண்டா மாவட்டத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தண்ணீரில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கி, திரளும் வண்டல் அடியில் தங்கியதும் மேல்நீரை வடித்துக்கொள்வதுதான் முறை. செலவு குறைவு. ஆனால் அளவு தப்பாமல் தினமும் கலக்க ஒருவர் வேண்டும், வண்டலைக் கொட்ட இடம் வேண்டும். ஊர்களில் அது நிலைக்காமல் போனதற்கு வேதியியலைவிட இந்தக் காரணங்களே பெரிது.

கர்நாடகம் பிறகு ஆர்.ஓ. நிலையங்களின் பக்கம் திரும்பியது. 2013க்குப் பிறகு ஊரக வளர்ச்சித் துறை இவற்றை மாநிலம் முழுதும் ஆயிரக்கணக்கில் நிறுவியது. ‘சுத்த குடியுவ நீரின கடக’ என்று கன்னடத்தில் எழுதிய சிறு கட்டடம் இன்று கோலார் கிராமங்களில் பள்ளிக்கூடத்தைப் போலவே வழக்கமான காட்சி. உள்ளே மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, நீளமான வெள்ளைக் குழல்கள், ஒரு பம்பு. வெளிச் சுவரில் ஒரு காசுத் துளையும் ஒரு குழாயும். காசு விழுந்ததும் மோட்டார் உறுமி இருபது லிட்டர் கொட்டிவிட்டுத் தானாக நிற்கும். பெரும்பாலும் 5 ரூபாய். தொடங்கிய காலத்தில் பல இடங்களில் அதைவிடக் குறைவு. காலையிலும் மாலையிலும் சைக்கிள் கேரியரிலும் ஸ்கூட்டரின் முன்பக்கத்திலும் கேன்கள் வந்து வரிசை கட்டும்.

ஆர்.ஓ. முறையில் நுண்ணிய சவ்வு ஒன்றின் ஊடே தண்ணீர் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. நீர் மூலக்கூறு கடந்துபோகும். கரைந்த உப்புகளில் பெரும்பகுதி பின்தங்கும். ஃப்ளோரைடு, நைட்ரேட், யுரேனியம் மூன்றையும் ஒரே அடியில் குறைப்பதால் இந்த முறைக்கு மதிப்பு. அதற்கேற்ற விலையும் உண்டு. உள்ளே போகும் தண்ணீரில் பாதி அளவுக்குக் கழிவாகவே வெளியேறுகிறது. அந்தக் கழிவு நீரில் ஃப்ளோரைடு இரட்டிப்பாகச் செறிந்திருக்கும். கட்டடத்துக்குப் பின்னால் அதைத் திறந்துவிட்டால் அது அதே மண்ணில் இறங்கி அதே ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பும். உடலுக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும்கூடச் சவ்வில் நின்றுவிடுகின்றன.

இவற்றுக்கும் மேலான சிக்கல் பராமரிப்பு. சவ்வைக் குறித்த காலத்தில் கழுவ வேண்டும், சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்ற வேண்டும். மின்சாரம் நின்றால், கிணறு வற்றினால், சவ்வு அடைத்தால் நிலையம் பூட்டப்படும். பூட்டிய நாளில் ஊர் பழைய குழாய்க்கே திரும்பும். சவ்வு கிழிந்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். காசும் விழும், தண்ணீரும் விழும், ஃப்ளோரைடும் விழும், குடிப்பவருக்குத் தெரியாது.

நகரம் கழித்தது, ஏரிக்கு வந்தது

இயந்திரம் தண்ணீரைச் சுத்தம் செய்யும், தண்ணீரை உண்டாக்காது. கிணற்றில் நீர் இருந்தால்தான் நிலையம் ஓடும். காய்ந்த ஏரிகளை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்குக் கர்நாடகம் கண்ட விடை பெங்களூருவின் கழிவுநீர்.

பெங்களூரு குடிப்பது காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் தொரெகாடனஹள்ளியில் எடுக்கும் நீரை, மூன்று கட்டங்களாக ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றித்தான் நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 1974இல் முதல் கட்டம் தொடங்கியது. இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய நீரில் பெரும்பகுதி ஒரே ஒரு முறை பயன்பட்டுச் சாக்கடைக்குப் போகிறது. நீலசந்திரா, கோரமங்களா, ஈஜிபுரா பக்கத்துக் கழிவெல்லாம் சரிவு நோக்கி இறங்கிச் சேரும் இடம் பெள்ளந்தூர் ஏரி. சுத்திகரிக்கப்படாத சாக்கடையால் அந்த ஏரி நுரைத்தது. 2015இலும் பின்னரும் அதன் மேல் தீப்பிடித்து எரிந்ததைப் படங்களில் உலகமே பார்த்தது. அந்த நீரின் மிச்சம் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரைமலையாகப் பொங்குவதைத் தமிழ்நாட்டார் நன்கு அறிவார்கள்.

கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம், சுருக்கமாக கே.சி. வேலி திட்டம், இந்தக் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டரைக் கோலாருக்கும் சிக்கபள்ளாப்பூரின் ஒரு பகுதிக்கும் அனுப்பத் தீட்டப்பட்டது. முதலில் 126 ஏரிகள் இலக்கு. ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் பழைய ஏரிச் சங்கிலியே மறுபடி பயன்பட்டது. 2018 ஜூனில் முதல் நீர் கோலார் மாவட்டத்து லட்சுமிசாகர ஏரிக்கு வந்து சேர்ந்தது. பல ஆண்டு வறண்டு கிடந்த ஏரியில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்க ஊரே கரையில் திரண்டது.

அடுத்த மாதமே அந்த நீரில் நுரை வந்தது. விவசாயிகளும் நீருரிமைச் செயற்பாட்டாளர்களும் வழக்குத் தொடுத்தார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் இடையில் நிறுத்தியது, பிறகு அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தடை விதித்து, ஏப்ரலில் தடையை நீக்கியது. எதிர்த்தவர்களின் கேள்வி நியாயமானது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு கரிமக் கழிவையும் திடப்பொருளையும் குறைக்கும். நைட்ரேட், பாஸ்பேட், நோய்க்கிருமி, உலோகம், மருந்து எச்சம் போன்றவற்றைக் கழிக்க மூன்றாம் நிலை வேண்டும். மண் நல்ல வடிகட்டிதான். ஆனால் பாறை வெடிப்பில் நேராக இறங்கும் நீருக்கு மண் வடிகட்டும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

திட்டத்தின் பயனும் மெய்யானது. ஏரிகளைச் சுற்றிய பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் ஏறியதை இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு காட்டியது. பல ஆண்டு வற்றிக் கிடந்த கிணறுகளில் நீர் ஊறியது. நகரத்தின் வடக்குச் சரிவிலுள்ள ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 21 கோடி லிட்டர் அனுப்பும் இரண்டாவது திட்டமும் தொடர்ந்தது. ஆனால் இந்த ஏரி நீர் குடிநீர் அல்ல என்பதை அரசே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நிலத்தடி நீரைச் செறிவூட்டுவது மட்டுமே நோக்கம். அப்படி ஊறி வரும் கிணற்று நீரைக் குடிக்கும் ஊர்களில் சோதனை முன்பைவிட அடிக்கடி நடக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

ஆற்றைக் கொண்டுவருதல்

ஃப்ளோரைடு பகுதிக்கு மற்றொரு வழி, நிலத்தடி நீரை விட்டுவிட்டு ஆற்று நீரைக் கொண்டுவருவது. கோலாருக்குத் தெற்கே அதே பாறை, அதே நோய் உள்ள தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இந்த வழியில் சென்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த ஆண்டில் இரு மாநில எல்லையிலும் அது பெரும் சர்ச்சையானது. ஜப்பான் நிதியுதவியுடன் வேலைகள் நடந்து 2013இல் திட்டம் தொடங்கியது. இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான ஊரகக் குடியிருப்புகளுக்கும் அது காவிரி நீரைக் கொடுக்கிறது. குழந்தை பிறந்தது முதல் ஆற்று நீர் குடித்தால் அதன் பல்லில் கறை விழாது. திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரைச் சேர்த்ததன் பொருள் அதுதான்.

அனந்தபூரில் சத்ய சாய் மத்திய அறக்கட்டளை 1995–96இல் எழுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குக் குடிநீர் அமைத்துக் கொடுத்து, பின்னர் ஆந்திர அரசிடம் ஒப்படைத்தது. கோலாருக்கு ஆற்றுநீர் தர மேற்குத் தொடர்ச்சி மலையில் சகலேஷ்புரம் பக்கத்து ஓடைகளிலிருந்து 24 டி.எம்.சி. எடுக்கும் எத்தினஹொளே திட்டம் தீட்டப்பட்டது. அதன் முதல் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. கோலார் அந்தக் குழாயின் கடைசி முனையில் இருக்கிறது.

பெங்களூருவைச் சுற்றியிருந்த ஊர்களுக்கும் ஆற்றுநீர் தாமதமாகவே வந்தது. 2007இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்கள், வரி கட்டியும் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருந்தன. 2024 கோடையில் நகரின் ஆயிரக்கணக்கான துளைகள் வறண்டபோது முதலில் தவித்தது அந்தப் பகுதிகள்தான். நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி தொடங்கப்பட்டது. அது முதன்மையாக இந்த 110 கிராமங்களுக்கானது.

நாடளாவிய அளவில் இந்த வேலைக்குப் பெயர் ஜல் ஜீவன் இயக்கம். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. அப்போது நாட்டின் ஊரக வீடுகளில் 3.23 கோடிக்கு மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது, அதாவது ஆறில் ஒன்று. இப்போது அந்த எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டிவிட்டது. திட்டத்தின் காலம் 2028 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கர்நாடகத்தில் அதன் பெயர் ‘மனெ மனெகெ கங்கெ’. வீட்டுக்கு வீடு கங்கை என்று பொருள். ஆனால் குழாய் வந்துவிட்டது என்பதும் நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்பதும் வேறு வேறு. குழாயின் மறுமுனையில் அதே ஆழ்துளைக் கிணறு இருந்தால், முன்பு குடத்தில் வந்த ஃப்ளோரைடு இப்போது வீட்டு வாசலுக்கே வரும்.

நீருகண்டியின் வேலை

பழைய ஏரிப் பாசனத்தில் மதகைத் திறந்து மூடி, முறை வைத்துத் தண்ணீர் பகிர்ந்தவரைக் கன்னடத்தில் ‘நீருகண்டி’ என்பார்கள்; தமிழ்நாட்டில் அவர் நீர்க்கட்டி அல்லது மடையர். இன்று கர்நாடகக் கிராமப் பஞ்சாயத்தில் மோட்டாரைப் போட்டு நிறுத்தி, மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, குளோரின் கலந்து, குழாய் உடைப்பைச் சரிசெய்யும் ஊழியருக்கும் அதே பெயர்தான். மதகு போய் வால்வு வந்துவிட்டது, பொறுப்பு மாறவில்லை. குழாயின் கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருந்தால் கிருமி அண்டாது. அதை உறுதி செய்பவர் தலைமைச் செயலகத்தில் இல்லை, ஊரில் இருக்கிறார்.

சோதனையையும் ஊரிலேயே செய்ய முடியும். ஜல் ஜீவன் இயக்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் கைப்பெட்டிச் சோதனைக் கருவியில் பயிற்சி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஃப்ளோரைடு சோதனை எளிது. குழாய் நீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் குறித்த அளவு எடுத்து, அதில் இளஞ்சிவப்பு நிற மருந்தைச் சில சொட்டுகள் விட்டுக் கலக்க வேண்டும். சில நிமிடங்கள் கழித்தும் இளஞ்சிவப்பு அப்படியே நின்றால் நல்ல நீர். மஞ்சளுக்கு மாற மாற ஃப்ளோரைடு அதிகம். உடன் தரும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். வரம்பைத் தாண்டினால் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி போக வேண்டும். குழாயில் குறி இட்டு, அந்த நீரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் ஒதுக்க வேண்டும்.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சில லிட்டர்கள்தான். ஃப்ளோரைடு இல்லாத நீர் அவ்வளவு கிடைத்தாலே நோய் தடுக்கப்படும். அதனால்தான் கூரை மழைநீர் இந்த மாவட்டங்களில் மலிவான மருந்து. மழைநீரில் ஃப்ளோரைடு ஏறக்குறைய இல்லை. கர்நாடகம் 2006இல் ‘சுவர்ண ஜல’ என்ற பெயரில் 23,000க்கும் மேற்பட்ட கிராமப் பள்ளிகளில் கூரைநீர்த் தொட்டிகள் கட்டத் திட்டமிட்டது. முதல் மழையைத் தள்ளிவிடுவது, வடிகட்டி மணலைக் கழுவுவது, தொட்டியை மூடி வைப்பது என்ற சின்னச் சின்ன வேலைகளுக்கு ஆள் இருந்த இடத்தில்தான் அந்தத் தொட்டிகள் பயன்படும். ஆர்.ஓ. நிலையத்துக்கும் இதே கணக்குத்தான். கட்டுவதற்கு ஒருமுறை பணம் போதும், ஓட்டுவதற்கு ஆண்டுதோறும் பணமும் ஆளும் வேண்டும்.

கோலாரின் அனுபவத்தைத் தொகுத்தால் கிராமக் குடிநீருக்கு மூன்று கால்கள் தெரிகின்றன. ஏரியிலும் கிணற்றிலும் நீர் நிற்க வேண்டும். அதில் உள்ள நஞ்சும் கிருமியும் நீங்க வேண்டும். இவை இரண்டும் தினமும் நடக்கின்றனவா என்று பார்க்க ஊரில் ஒருவருக்குச் சம்பளம் வேண்டும். ஒன்று முறிந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

நகரத்துக்கும் இதில் கடன் உண்டு. குடிநீர்த் திட்டங்களின் கணக்கில் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஜல் ஜீவன் கணக்கில் கிராமத்தில் ஒருவருக்கு 55 லிட்டர். அதிகம் பெறுபவர் பயன்படுத்திக் கழித்ததே குறைவாகப் பெறுபவரின் ஏரிக்கு வந்து சேர்கிறது. நீலசந்திராவின் கழுநீர் எப்படியும் கோலாருக்குத்தான் போகிறது. அது மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்டுப் போக வேண்டும். அந்தச் செலவு காவிரி நீரை நகரத்துக்கு ஏற்றும் செலவின் பின்பாதி. அதைக் கட்ட வேண்டியதும் நகரம்தான்.